கொடை அன்று வந்த வண்டி

எனக்கு எண்பத்தெட்டு வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனவை. எது எது என்று வந்து பார்க்கிறவர்களால் சொல்ல முடியாது. ஏழு முகத்திலும் ஓர் அம்மைத் தழும்பு கிடையாது. இதை நான் பெருமையாகவே சொல்லுவேன். அந்தப் பெருமையில் பாதி என் தாய்மாமனைச் சேரும். அதற்காகத்தான் இப்போது சொல்ல உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அதற்குமேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பம்பாய் முலுண்டில் இருக்கிற பேத்தி வந்திருக்கிறாள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதிவிடாதே, புத்தகத்தில் இருப்பதுபோல் எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்போது உலகச் சண்டை முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். நான் தாராவியில் பிறந்தவள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் தோல் கம்பெனியில் வேலை. எங்கள் சந்தில் அத்தனை வீடும் நம் ஆட்கள்தான். காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே சமாதானமாகிவிடலாம். சந்து முடிகிற இடத்தில்தான் பம்பாய் ஆரம்பிக்கும். குழாயடி, ரேஷன் கடை, முனிசிபாலிட்டிக்காரர்கள், இந்த மூன்றுக்கும் இந்தி வேண்டும். அது பெரியவர்களிடம் கிடையாது, எங்களைப் போன்ற சிறுசுகளிடம்தான் இருந்தது.

அதனால் வீட்டுக்குள் குட்டு வாங்குகிறவள் நான், குழாயடியில் குடும்பத்துக்காகப் பேசுகிறவளும் நான். அம்மா பின்னால் நின்று என் தோளைக் கிள்ளுவாள்.

“கேளுட்டி. நமக்கு முன்னால எப்படி வந்து கொடத்த வச்சான்னு கேளு. ஆத்தா அப்பன் இல்லாம வளந்தவளான்னு கேளு.”

அம்மா சொல்வதில் பாதியைத்தான் நான் இந்தியில் சொல்லுவேன். முழுவதையும் சொன்னால் குடம் உடையும்.

எங்கள் சந்துக்காரர்களில் முதலில் பம்பாய்க்கு ரயில் ஏறியவர் மாமா. அவரைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் வந்தார்கள். புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி இருக்கும் அவர் முகம். சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்தவர். ஆனால் அவருக்கும் அத்தைக்கும் பிறந்த ஒரே பெண்பிள்ளை ஊரில் அம்மையில் போய்விட்டது. அது நான் பிறப்பதற்கு முன்னால். அத்தை அதைப்பற்றி வாய் திறக்கமாட்டாள். என் தம்பியை இடுப்பில் வாங்கினால் மட்டும் லேசில் இறக்கமாட்டாள்.

அந்த வருஷம் மாமா ஊருக்குப் போனபோது, அம்மன் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்தார். ஊர் அம்மனை வேற்றூரில் வைப்பதென்றால் அவள் காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து, அதன்மேல் பீடம் கட்டவேண்டும். சிவப்புத் துணியில் முடிந்த மண்ணை ரயிலில் வந்த வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம், கீழே வைக்கவில்லையாம். சந்தின் கடைசியில் தகரக் கொட்டகை போட்டு, பீடம் கட்டி, சித்திரை மாதத்தில் அம்மனுக்கு முதல் கொடைவிழா என்று முடிவாயிற்று. பெரியவர்களுக்கு ஒரே கவலை. அவ்வளவு தூரத்திலிருந்து அம்மன் வருவாளா? வந்தாலும் இந்தத் தோல் நாற்றத்தில் நிற்பாளா?

கொடை என்றால் வாசலுக்கு வாசல் வேப்பிலை கட்டாமல் எப்படி? ஆண்கள் விடிவதற்கு முன்பே மாட்டுங்காப் பக்கம் போய்க் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்தார்கள். ஒரு வீடு பாக்கி இல்லாமல் கட்டினோம். சந்து முழுவதும் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து எங்கள் சந்து அழகாக இருந்தது அன்றைக்குத்தான்.

பம்பாயின் சித்திரை வெயிலில் தம்பிக்கு உடம்பெங்கும் வேர்க்குரு. ஒன்றிரண்டு பழுத்தும் இருந்தது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை பூசிவிட்டிருந்தாள்.

கொட்டகையில் மேளம் ஆரம்பித்து, பொங்கல் பானைகள் பொங்கிவரும் நேரத்தில் முனிசிபாலிட்டி வண்டி வந்து சந்து முனையில் நின்றது. அதை எல்லாருக்கும் தெரியும். அம்மை கண்டவர்களைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி. அதில் ஏறின பிள்ளை திரும்பி வராது என்று பேச்சு. வண்டியிலிருந்து காக்கித் தொப்பி வைத்த ஒரு மராட்டிக்கார சாகேப்பும் இரண்டு பியூன்களும் இறங்கினார்கள். கூடவே ஒரு போலீஸ்காரர்.

சாகேப் முதல் வாசலைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு சந்து முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். மதராஸிகள் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள், கேட்டால் இல்லை என்பார்கள். இது அவருக்கு அனுபவத்தில் தெரியும். எங்கள் சந்தில் வேப்பிலை இல்லாத வாசலே இல்லை.

“அரே பாப்ரே! சப் கர் மே?” என்றார். எல்லா வீட்டிலுமா என்று.

பொங்கலுக்கு அரிசி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த அம்மா, வண்டியைப் பார்த்ததும் தம்பியை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தாள். கொடைக்கென்று வாங்கிய புது அண்டா ஓரமாக இருந்தது. அதற்குள் தம்பியை உட்காரவைத்து, அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்து மூடினாள்.

“வாயத் தொறக்காத, என்ன? ஒன்னத்தான்ட்டி” என்றாள் என்னிடம். தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டாள். அண்டாவுக்குள் உட்கார்ந்த அவன் வீறிட்டான். அழுகை அண்டாவில் மோதி, நான்கு பிள்ளைகள் அழுவதுபோல் வெளியே வந்தது.

சாகேப் உள்ளே வந்து சுளகைத் தூக்கினார். உள்ளே மஞ்சள் பூசிய ஒரு பிள்ளை, உடம்பெல்லாம் கொப்புளம். பியூனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அம்மா அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேர்க்குருன்னு சொல்லுட்டி! சொல்லு! நீ பேசு!”

அன்றைக்கு அவள் என்னைக் கிள்ளவில்லை. என் காலைப் பிடித்திருந்தாள். பெற்றவள் என் காலைப் பிடிப்பதைப் பார்த்து எனக்கு இந்தி மறந்துபோயிற்று. பிறகு எங்கிருந்தோ வந்தது. இது வெயிலில் வந்த குரு சாகேப், இன்றைக்கு எங்கள் பண்டிகை, அதற்குத்தான் வேப்பிலை, யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன்.

“சப் ஜூட்!” என்றார் அவர். எல்லாம் பொய்யாம். இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் இப்படித்தான் பரண்மேல் ஒளித்து வைத்திருந்தார்களாம்.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று இழுத்துக்கொண்டே போனேன். தம்பியைத் தூக்கிக்கொண்டு பியூன் வந்தான், பியூனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள்.

கொட்டகையில் மாமா சாமியாடிக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்கத் திருநீறு, இரண்டு கையிலும் வேப்பங்குலை. அம்மன் அவர்மேல் வந்திருந்தாள். இந்தத் தோல் நாற்றத்திலும் அவள் வந்துவிட்டாள் என்ற நிம்மதியில் பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். சாகேப் வாசலிலேயே நின்றார். பீடத்தைப் பார்த்தார். ஒரு காலை மடக்கி பூட்ஸைக் கழற்றினார், பிறகு அடுத்ததை. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். பிறகு தம்பியை வெளிச்சத்தில் வாங்கி, மஞ்சளைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குருவாக அழுத்திப் பார்த்தார்.

“கர்மி” என்றார். சூடுதானாம். தம்பி அம்மா கைக்கு வந்தான்.

அதோடு போயிருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. சாகேப் போகவில்லை. இரண்டு சந்து தள்ளி அம்மை இருப்பது நிஜம், நாளைக்கு அது இங்கே வரும். அதனால் இத்தனை பிள்ளைகளும் ஒரே இடத்தில் கிடைத்திருக்கும்போதே அம்மை குத்திவிட வேண்டும் என்றார். மாட்டோம் என்றால் போலீஸ்காரரை நிறுத்திக் குத்துவேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். மேளம் நின்றுவிட்டது.

“அம்மன் நடுவுல நிக்கா. அவ முன்னால பிள்ளைய மேல இரும்பு வைக்கச் சொல்லுதானா?” என்று எழுந்தார் சந்தின் பெரியவர். “செத்தாலும் நடக்காது. சொல்லுட்டி அவன்கிட்ட.”

அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஒரு நிமிஷத்துக்கு முன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவரைப் பார்த்து, “இவன் குத்தி அவ கோவிச்சுக்கிட்டான்னா, அப்புறம் யாரு காப்பாத்துவா?” என்றாள். ஆண்கள் பீடத்தைச் சுற்றி நெருங்கினார்கள். போலீஸ்காரர் கம்பைக் கை மாற்றிப் பிடித்தார். அத்தைதான், எப்போதும் பேசாத அத்தைதான், கூட்டத்துக்குள்ளிருந்து சொன்னாள்:

“அவகிட்டயே கேளுங்களேன். நிக்கால்லா.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மேளம் நின்றால் அம்மன் இறங்கிவிடுவாள், சாமியாடி தொப்பென்று விழுவார், முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுதான் வழக்கம். மாமா விழவில்லை. கண்ணை மூடி நின்றார். இடது கால் மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. அம்மனின் உக்கிரம் என்று எண்ணி எனக்குப் புல்லரித்தது.

“ஏட்டி, இங்க வா. என்னவாம் அவனுக்கு?”

சொன்னேன். அத்தை இருந்த பக்கம் மாமாவின் தலை திரும்பியது.

“எம் பிள்ளையளுக்கு முத்துப் போடுறவ நான். போடாம விடுறவளும் நான். கடல் தாண்டின மாதிரி இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன்? காவு வாங்கவா வந்தேன்? எனக்கு ஆளுக்கொரு வடு போதும். குத்தச் சொல்லு. மொதல்ல எனக்குக் குத்தச் சொல்லு.”

கையை நீட்டினார். பற்களை வட்டமாக வைத்த ஒரு சின்ன இரும்பு. அதை மேல்கையில் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். அம்மனுக்கு அம்மை குத்தின ஆள் உலகத்திலேயே அந்த சாகேப் ஒருவராகத்தான் இருப்பார். அடுத்து அத்தை, தம்பியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். அம்மா தடுக்கவில்லை. பிறகு நான், பிறகு வரிசையாக எல்லாப் பிள்ளைகளும். அழுகைக்கு ஈடாகக் குலவை. அதுவும் கொடை மாதிரியே இருந்தது.

முடிந்ததும் சாகேப் இந்தியில், குத்தின இடத்தில் தண்ணீர் படக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது என்றார். நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மன் முந்திக்கொண்டாள்.

“மஞ்சளப் பூசிராதிய. தண்ணி பட விடாதிய. கேட்டியளா?”

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அன்று முழுக்கப் பேசினவள் நான், கடைசி வார்த்தையை அவள் பிடுங்கிக்கொண்டாள். ஆனாலும் அம்மனுக்குத் தெரியாத பாஷையா என்று சமாதானமாகிவிட்டேன்.

சாகேப் இலையில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது ஒரு வேப்பங்கொழுந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டி காலியாகத் திரும்பியது. அது முனை திரும்புகிறவரை மூச்சைப் பிடித்து நின்ற சந்து, பிறகு ஒரேயடியாகப் பேசத் தொடங்கியது. அம்மா சிரித்தாள், அழுதாள், தம்பியை அண்டாவில் மூடியதைச் சொல்லிச் சொல்லி மறுபடி சிரித்தாள்.

அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் அம்மை எத்தனையோ வீட்டுக்குள் போயிற்று. எங்கள் சந்துக்குள் வரவில்லை. வந்த வருஷமே அம்மன் காத்துவிட்டாள் என்று பெரியவரே சொன்னார்.

அடுத்த கொடைக்கு மாமா சாமியாடவில்லை. முழங்கால் வலி என்றார். வேறொருவர் ஆடினார். மேளம் வேகம் பிடித்தபோது மாமா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் கொடையிலும் அவர் வேப்பங்குலையைக் கையில் வாங்கவில்லை. நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். எந்த முழங்கால் மாமா வலிக்கி என்று கேட்டால், நீ தேய்க்கிறதுதான் என்பார். நான் இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்ப்பேன்.

என் தலைப்பிள்ளைக்கு அம்மை குத்தப் போனபோது மாமாதான் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே இருந்தவரிடம் இந்தியில் பேசி, எங்களை முன்னால் விடச் சொன்னார். என்னைவிட நன்றாகப் பேசினார். அங்கேயேதான் எனக்கு உறைத்தது. எல்லாருக்கும் முன்னால் பம்பாய்க்கு வந்தவருக்கு இந்தி தெரியாமலா இருக்கும்? மேளம் நின்ற உடனே அம்மன் வழக்கம்போல இறங்கிப் போய்விட்டாள். அதன்பிறகு நின்றது மாமா. பிடிமண்ணை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்த மனிதர், அவள் பீடத்துக்கு முன்னாலேயே அவள் வாயால் பேசிவிட்டார். அவள் தன்னை என்ன செய்வாளோ என்றுதான் அந்தக் கால் அப்படி ஆடியிருக்கிறது.

அவள் ஒன்றும் செய்யவில்லை. மாமா நன்றாக வாழ்ந்து, என் பிள்ளைகளைத் தோளில் சுமந்து, பல்லெல்லாம் போன பிறகுதான் போனார்.

எழுதிட்டியாட்டி? கண்ணத் தொடச்சுக்கோ, எழுத்து அழிஞ்சிறப் போவுது. மாமா கால் ஆடுச்சுல்லா, அந்த எடத்துலருந்து வாசி. மெதுவா வாசி, நான் கேக்கணும்.