ஸ்டுடியோ மானிட்டருக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

பெங்களூரிலிருந்து சித்தூருக்கு என் மகள் கொண்டுவந்த அந்தப் பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. சின்னத் திரைதான். ஆனால் பின்னால் ஒரு முழத்துக்கு இரும்புக் கூடு. ஏதோ ஒரு டிவி ஸ்டேஷனில் தட்டைத் திரைகள் வந்ததும் கழித்துவிட்ட மானிட்டராம்.

"இதுல ஆன்டெனா சொருகுற எடத்தையே காணமே?" என்று கேட்டேன்.

"இது டிவி இல்ல நைனா. ஸ்டுடியோல படம் சரியா வருதான்னு பாக்கறதுக்கு வெச்சிருப்பாங்க. நீ குவைத்துலேர்ந்து கொண்டாந்த கேம இதுல போட்டுப் பாக்கணும்."

"கம்பெனியில வேலை செய்யற பொண்ணு, இன்னும் கேம் ஆடிக்கினு கீது," என்று சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அதுக்கும் சேத்து பஸ்ல டிக்கெட் எடுத்தியாடி?"

"எடுத்தேம்மா. பலமனேர் வரைக்கும் அதுதான் சீட்ல ஒக்காந்துக்கினு வந்தது, நான் நின்னுக்கினு வந்தேன்."

வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

முந்தைய ஆயுத பூஜையன்று அவளுடைய லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். எங்கள் வீட்டில் அரிவாள்மணை முதல் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்வோம். தண்ணீர் தெளித்தது தெரியாமல் அவள் ஆன் செய்தாள். லேப்டாப் அதோடு எழுந்திருக்கவில்லை. அவள் கத்தவில்லை. "இனிமே என் பொருள் மேல கை வெக்காத நைனா," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பொங்கலுக்கு வரவில்லை. உகாதிக்கும் வரவில்லை. இப்போது மறுபடியும் ஆயுத பூஜைக்குத்தான் வந்திருந்தாள்.

கேம் பெட்டி பரணில் இருந்தது. குவைத்தில் நான் டிரைவராக இருந்த வீட்டில், பிள்ளைகள் ஆடி அலுத்ததை அந்த அம்மா எனக்குக் கொடுத்தார்கள். அப்போது என் மகளுக்கு எட்டு வயது. அப்பன் ஊரில் இல்லாத வருடங்களை அவள் அதை வைத்து ஆடித்தான் கழித்தாள்.

மானிட்டரின் பின்னால் முறுக்கி மாட்டுகிற மாதிரி வட்டமான சொருகிகள் இருந்தன. அதற்கேற்ற முனைகள் சித்தூரில் கிடைக்கவில்லை. பூஜையன்று காலையிலேயே திருப்பதிக்குப் போனாள்.

அவள் போன பிறகு நான் பூஜைக்கு உட்கார்ந்தேன். மிக்சி, சைக்கிள், சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மானிட்டர் மட்டும் மூளியாக நின்றது. அவள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல நாளில் அவளுடைய பொருளை மட்டும் ஒதுக்கி வைத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. லேப்டாப் மாதிரி இல்லை, இரும்புதானே, ஒரு பொட்டு வைத்துத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். பொட்டு வைத்த கை பழக்கத்தில் மாவிலையையும் எடுத்துவிட்டது. கோவிந்தா கோவிந்தா என்று மூன்று முறை தெளித்தேன். பிறகு பொட்டை மட்டும் துடைத்தேன்.

மத்தியானம் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். "நாலு கடையில 'லேதம்மா, லேது'ன்னு கைய விரிச்சிட்டாங்க. அஞ்சாவது கடையில பழைய டப்பாவத் தேடி எடுத்துக் குடுத்தாங்க நைனா!"

தரையில் உட்கார்ந்து அந்த முனைகளை ஒயர்களில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்துக்கு மூன்று ஒயர், தனியாக இன்னொன்று. "நாலாவது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது இல்லன்னா படம் ஒரு எடத்துல நிக்காது. உருண்டுக்கினே இருக்கும்."

"கூட்டுக்குள்ள இன்னா கீது?"

"அங்க மட்டும் யாரும் கை வெக்கக்கூடாது நைனா. பிக்சர் டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போவும். பிளக்க புடுங்கினாலும் கரண்ட் உள்ளயே நிக்கும். எங்க கம்பெனியில ஒருத்தர அப்டியே தூக்கி அடிச்சிது."

கூட்டின் மேல்பக்கத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வரிசையாகக் காற்றுத் துளைகள். ஒரு துளையின் ஓரத்தில் மஞ்சள் கறை. அவள் குனிந்திருந்த நேரத்தில் துண்டால் அதைத் துடைத்தேன். அந்தப் பாவத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். சொன்னால் அவள் மறுபடி பஸ் ஏறிவிடுவாள். சொல்லாவிட்டால்? ஏழுமலையானே, முடி இறக்குகிறேன், நடந்தே மலை ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

நான்கு ஒயர்களையும் முறுக்கி மாட்டிவிட்டு பிளக்கைச் சொருகினாள். கூட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையை சுவிட்சுக்குக் கொண்டுபோனாள்.

நான் வாசலுக்கு ஓடி மீட்டர் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

"ஐயோ, கரண்ட் போச்சா?" என்றாள் உள்ளே.

"பக்கத்து வீட்ல மிக்சி ஓடுதே," என்றாள் என் மனைவி. "நமக்கு மட்டும் இன்னா கட்டு?"

மகள் வெளியே வந்தாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி தெளிச்சிட்டேன் அம்மாடி," என்றேன். "அது மேல. மூணு தபா."

நான் பீஸ் கட்டையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். உள்ளே போய் பையை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷமும் இப்டி சொல்லியிருந்தா, லேப்டாப்ப ஆன் பண்ணியிருக்க மாட்டேன் நைனா. காய வெச்சிருப்பேன்."

லேப்டாப் போனதற்கல்ல, நான் சொல்லாததற்குத்தான் அவள் வராமல் இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று அவள் ஆன் செய்யவில்லை. "காத்தாட அப்டியே கெடக்கட்டும், யாரும் தொடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்," என்று சொல்லிப் போனாள். அந்த ஒரு வாரமும் நான் அந்த அறைக்குள் போகவில்லை. நடந்து மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். டார்ச் அடித்துத் துளைகளுக்குள் வெகுநேரம் பார்த்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொள்வதாகவும், வாசலில் பீஸைப் பிடுங்கி, அவள் குரல் கொடுத்ததும் நான்தான் போடவேண்டும் என்றும் சொன்னாள். என் மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"போடு நைனா!"

போட்டேன். உள்ளே 'தொம்' என்று ஒரு சத்தம். உடனே பிடுங்கிவிட்டேன்.

"அம்மாடி!"

"இருக்கேன், இருக்கேன்! அது அப்டித்தான் சத்தம் போடும்! போடு!"

மறுபடி போட்டேன். இந்த முறை சத்தம் சன்னமாக இருந்தது. நான் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"படம் நிக்குதா?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"நிக்குது. உள்ள வா நைனா."

"நீ ஆடு. நான் இங்கயே கீறேன்," என்றேன்.