தூண் இல்லாத சபா மண்டபம்

திருச்சியில் எங்கள் சபா சொந்தமாக மண்டபம் கட்டியபோது, அதில் ஒரு தூண்கூடக் கிடையாது என்பதுதான் எல்லோருக்கும் பெருமை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது புதுமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் எங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்டாலும் பாடுகிறவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு தூண் நிற்கும். சாய்ந்துகொண்டு கண்ணயரவும் அது வசதி. புது மண்டபத்தில் தூக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் சாய வேண்டும்.

என் கணவர் வக்கீல், சபாவின் காரியதரிசி. தலைவரும் வக்கீல்தான், இன்னும் பெரிய வக்கீல். அவர் சீமைக்குப் போய் வந்தபோது ஒரு நாடகக் கொட்டகையின் படம் போட்ட கார்டு கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் மண்டபம் எழுந்தது. கப்பலின் மூக்கைப் போல வளைந்த முகப்பு, உச்சியில் சிமெண்டுக் கும்மட்டம், முன்வரிசையில் சோபாக்கள். பெண்களுக்கு மாடியில் தனி இடம், அதன் முன்னால் மூங்கில் தட்டி. கார்டில் தட்டி கிடையாது. அது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

திறப்பு விழாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெயர் பெற்ற ஒரு பாடகி வந்தார். மாடியில் எனக்குப் பக்கத்தில் தோல் மண்டி முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் அவள் கணவர் கொடுத்தவை. அத்தனையும் கீழே ஆண்களுக்கு மேல் சுழன்றன. அவள் பனையோலை விசிறியால் தனக்கு இரண்டு வீச்சு, எனக்கு ஒரு வீச்சு என்று வீசிக்கொண்டிருந்தாள். தட்டியின் இடுக்கில் மேடை தெரியவில்லை. ஆனால் பாட்டு அப்படியே காதில் வந்து விழுந்தது.

ஜட்காவில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் கேட்டார், "பாட்டு எப்படி இருந்தது?"

"ஒவ்வொரு சங்கதியும் மணிமணியாக் கேட்டுது."

வண்டி காவேரிப் பாலம் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார். கீழே ஒவ்வொரு அடியும் கும்மட்டத்தில் மோதி மூன்று தடவை வந்ததாம். பாடகி நிறுத்தின பிறகும் பாட்டு நிற்கவில்லையாம். சீமையில் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று தலைவர் சொன்னாராம்.

மறுநாள் காலை கணவர் என்னை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் இல்லை. மேடையில் நின்று ஏதாவது பாடச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. சோதனைக்காகத்தான் என்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்த பாசுரம் ஒன்றைப் பாடினேன். அவர் சோபாவில் உட்கார்ந்து கேட்டார், எழுந்தார், மாடிக்கு ஓடினார். மேலிருந்து, "இங்கே எதிரொலியே இல்லே. இன்னொரு தரம் பாடு," என்றார். பாடினேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம்," என்றார். அந்த மூன்றாவது தடவை சோதனைக்காக இல்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே சபா கூடித் தீர்மானம் போட்டது. மாதர்களைக் கௌரவிக்கும் பொருட்டு அவர்களுக்கு இனி முன்வரிசை; நன்கொடையாளர்கள் சிரமத்தைப் பாராட்டாமல் மாடிக்குப் போவார்கள். தட்டியையும் கழற்றிக் கீழே கொண்டுவந்து, எங்களுக்கும் மேடைக்கும் நடுவில் கட்டினார்கள்.

அடுத்த கச்சேரிக்கும் அதே பாடகிதான். தம்பூராவில் சுருதி சேர்ந்தது. அவர் பாடத் தொடங்கவில்லை.

"ஐயா, நான் தட்டிக்குப் பாடணுமா, ஆளுக்குப் பாடணுமா?" என்று கேட்டார்.

என் கணவர் மேடையோரம் போனார். "அந்தப் பக்கம் ஸ்திரீகள் உக்காந்திருக்காம்மா."

"நானும் ஸ்திரீதானே. எனக்கு யாரும் தட்டி கட்டலையே."

 தோல் மண்டி வீட்டுக்காரி போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அதைச் சுருட்டிடுவோம். நான்தான் போர்த்திக்கிட்டு இருக்கேன்ல, போதும்."

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல மாட்டாரா?"

"அவரு மாடியில இருக்காரு. எறங்கி வர்றதுக்குள்ள ஒரு பாட்டு முடிஞ்சிரும்."

இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கு ஒரு பக்கம் தட்டியைச் சுருட்டினோம்.  எனக்கு முடிச்சு சரியாக விழவில்லை. அவள் வந்து என் பக்கத்தையும் கட்டினாள். என் கணவர் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாடகி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாடினார். உச்சத்துக்குப் போகும்போது அவர் கண்ணை மூடவில்லை, இன்னும் பெரிதாகத் திறந்தார் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பெண் அத்தனை பேர் நடுவில் தன் இஷ்டத்துக்கு நேரம் எடுத்துக்கொண்டதையும் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் மூன்று தடவை கேட்டது. எனக்கு ஒரு தடவைகூட அதிகமாகத் தோன்றவில்லை.

மாடியில் நிலைமை வேறு. பகல் முழுக்கக் காய்ந்த சிமெண்டுக் கூரை, விசிறி கிடையாது. கௌரவத்துக்காக அங்கே தூக்கிக்கொண்டு போன சோபாக்களோ தாழ்வானவை. உட்கார்ந்தால் எதிரே கைப்பிடிச் சுவர்தான் தெரியும். இடைவேளையில் ஒருவர் பின் ஒருவராக, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, கீழே இறங்கி வந்து ஓரமாக நின்றார்கள். கடைசியாக இறங்கியவர் தலைவர். தோல் மண்டி முதலாளி தன் விசிறி ஒன்றின் கீழே போய் நின்று, மனைவியைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபா மறுபடி கூடியது. பழைய சம்பிரதாயத்தை மதித்து மாதர்களுக்கு மாடியே உரியது என்று தீர்மானம் ஆயிற்று. இம்முறை காரியதரிசி ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்: 'விரும்பினால்'. 

அதற்குப் பிறகு நானும் தோல் மண்டி வீட்டுக்காரியும் கச்சேரியின் முதல் பாதியைக் கீழே உட்கார்ந்து பார்ப்போம், மறு பாதியை மாடியில் உட்கார்ந்து கேட்போம். ஏறும்போது அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கையிலிருக்கும் பனையோலை விசிறியை நான் வாங்கிக்கொள்வேன்.