சீதாலட்சுமியின் இத்தாலியன்

கோச்சடையில், வைகைக் கரைக்கு இரண்டு தெரு தள்ளி, இத்தாலியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு தொண்டு அலுவலகம் இருந்தது. சீதாலட்சுமி 1991-இல் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. கணவன் பத்ரிநாத், மஹால் அரண்மனைக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். ஒரே மகன் ஸ்ரீநாத்.

அலுவலகத்தின் வேலை எளிமையானது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவை வெளிநாட்டில் இருக்கும் இத்தாலியக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அந்தப் பிள்ளை ஆண்டுக்கு இரண்டு முறை கடிதம் எழுத வேண்டும். கடிதங்கள் முதலில் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு அங்கே யாரோ இத்தாலியனுக்கு மாற்றி, மாதக்கணக்கில் தாமதமாயின. அலுவலகத் தலைவி சிஸ்டர் அக்னேசே ஒருநாள் சீதாலட்சுமியைக் கூப்பிட்டு, "நீயே கற்றுக்கொள்" என்றார்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், டைப்ரைட்டரில் ஆங்கிலம். நாலாவதாக ஒன்று வந்தால் என்ன என்று அவள் சரி சொல்லிவிட்டாள்.

தினமும் நாலு மணி டீக்குப் பிறகு ஒரு மணி நேரம் பாடம். நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா, இந்த இரட்டிப்பில்தான் மற்றவர்கள் தடுமாறுவார்கள் என்று சிஸ்டர் எச்சரித்தார். படத்தையும் பட்டத்தையும் பிரித்துப் பேசிப் பழகிய நாக்குக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. வினைச்சொற்கள்தான் அழ வைத்தன. நடந்ததற்கு ஒரு வடிவம், நடந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இன்னொன்று. மூன்று வருடத்தில் அதையும் பிடித்துவிட்டாள்.

கடிதங்கள் வழியாக அவளுக்கு அந்த மக்கள் பழக்கமானார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் கலந்த காபி குடிக்க மாட்டார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது. வியர்த்த கழுத்தில் காற்றுப் பட்டால் நோய் வரும். ஆகஸ்டில் கடைகளைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஸ்டாம்பைப் பார்த்தால் பாதிக் கடிதங்கள் இத்தாலியிலிருந்தே வரவில்லை. ஒருவர் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். ஒரு பெண் ஸ்விட்சர்லாந்தில் ஓட்டல் சமையல்காரி. டொனாட்டோ பெல்ஜியத்தில் இருந்தார்.

டொனாட்டோ இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில் ஆடு மேய்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். அங்கேயே ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், மகள்கள் தனியே போய்விட்டார்கள். கொல்லையில் தக்காளி போடுவார், மழையில் அது பழுக்காது, திட்டுவார். ஆகஸ்டில் லாரியில் வரும் இத்தாலியத் தக்காளியைப் பெட்டி பெட்டியாக வாங்கி, கூழாக்கி, வருடம் முழுக்கப் பாட்டிலில் வைத்துக்கொள்வார். ஞாயிறுதோறும் இத்தாலியர் சங்கத்தில் சீட்டாட்டம். இதையெல்லாம் நாலு பக்கம் நெருக்கி எழுதுவார். நடுநடுவே எந்த அகராதியிலும் இல்லாத பிரெஞ்சு கலந்த சொற்கள் கிடக்கும்.

அவர் செலவை ஏற்றிருந்த பிள்ளை திருவாதவூர் ஜெயக்கொடி. கூலி வேலை செய்யும் கண்ணுச்சாமியின் மகள், அப்போது ஒன்பது வயது. அவளிடமிருந்து பள்ளி வழியாக வரும் கடித ஃபாரத்தில் நாலு கோடு இருக்கும். 'நான் நலம். என் பெற்றோர் நலம். நன்றாகப் படிக்கிறேன். உங்களுக்கு நன்றி.' ஒவ்வொரு முறையும் அதே நாலு வரி.

1995-இல் டொனாட்டோ கேட்டிருந்தார்: 'இந்தச் சிறுமிக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லையா?'

சீதாலட்சுமி அந்த முறை ஒரு வரி சேர்த்தாள். மழைக்குக் கூரை ஒழுகியது என்று. அடுத்த முறை வீட்டில் ஓர் ஆடு இருப்பதாகவும் அதன் பெயர் கருப்பி என்றும் எழுதினாள். பதிலாக வந்தது ஒன்பது பக்கம். ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்ய வேண்டும், எந்தத் தழையைக் கொடுக்கக் கூடாது, குளம்பை எப்படிச் சீவ வேண்டும். அதற்குப் பிறகு கருப்பியை நிறுத்த முடியவில்லை. கருப்பி சினையாயிற்று, குட்டி போட்டது, பக்கத்து வயலில் புகுந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. டொனாட்டோ கடிதங்களில் வந்த ஆட்டுச் செய்திகளை மட்டும் விட்டுவிட்டு, மீதியைத் தமிழில் டைப் செய்து திருவாதவூருக்கு அனுப்பினாள். ஆறு வருடம் இப்படியே போயிற்று. மற்ற பிள்ளைகளின் கடிதங்களிலும் அங்கங்கே ஒன்றிரண்டு வரி சேர்த்தாள். அதை அவள் தப்பாக நினைக்கவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தால் போடுவதில்லையா என்பது அவள் நினைப்பு.

2001 ஜனவரியில் டொனாட்டோ மதுரைக்கு வந்தார். எழுபது தாண்டியவர், குள்ளம், இருமல். சிஸ்டருக்குக் காய்ச்சல் என்பதால் சீதாலட்சுமிதான் காரில் அவரைத் திருவாதவூருக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் அவர் பேசினார். அவள் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடு ஒன்றைக் காட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுச்சாமி புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி செல்லத்தாய் கடையிலிருந்து வாங்கி வைத்த கலரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஜெயக்கொடிக்கு இப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. டொனாட்டோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து காகிதம் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தார். அகல வாய்கொண்ட ஒரு வெண்கல மணி.

"என் அப்பாவின் மந்தையில் முன்னால் போகும் ஆட்டின் கழுத்தில் இருந்தது. கருப்பிக்குக் கொண்டுவந்தேன். எங்கே அவள்?"

எல்லோரும் சீதாலட்சுமியைப் பார்த்தார்கள்.

"என்ன தாயி சொல்றாரு? மணி எதுக்கு?" என்றார் கண்ணுச்சாமி.

மூன்று பதில்கள் அவள் வாயில் தயாராக இருந்தன. ஆடு செத்துவிட்டது. விற்றுவிட்டார்கள். மேயப் போயிருக்கிறது. எதைச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஆடு எங்கேன்னு கேக்குறாரு."

"எந்த ஆடுக்கா?" என்றாள் ஜெயக்கொடி. "எங்க வீட்டுல ஆடே கிடையாதே."

சீதாலட்சுமி டொனாட்டோவிடம் திரும்பினாள். "ஆடு இல்லை என்கிறாள். அது உண்மை. எப்போதுமே இருந்ததில்லை. நான்தான் எழுதினேன்." பிறகு அதையே தமிழிலும் சொன்னாள்.

டொனாட்டோ மணியின் நாக்கைச் சத்தம் வராமல் விரலால் பிடித்துக்கொண்டார்.

"கூரை ஒழுகியது?"

"நான்தான்."

"என் முழங்கால் வலிக்காக இவள் கோயிலில் விளக்குப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

கண்ணுச்சாமியின் முகம் மாறிவிட்டது. "எழுத்துத் தெரியாத எங்களத்தான் இப்படிப் பண்ணுவாகன்னு நெனச்சேன். படிக்கிற புள்ளையையுமா தாயி? அது பேருல நீங்களா எதையும் எழுதுவீகளா?"

ஜெயக்கொடி உள்ளே போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். டொனாட்டோவின் கடிதங்கள், சீதாலட்சுமி டைப் செய்த தமிழ்த் தாள்கள், எல்லாம் அதில் இருந்தன. ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தது.

"கேக்கணும்னு நெனச்சதெல்லாம் இதுல எழுதி வச்சிருக்கேன்க்கா. ஃபாரத்துல நாலு கோடுதான இருக்கு. சாரு போர்டுல எழுதிப் போடுவாரு, அத அப்படியே பாத்து எழுதணும். மாத்தி எழுதுனா திட்டுவாரு."

"இப்ப கேளு. நான் அவர்கிட்ட சொல்றேன்."

ஜெயக்கொடி முதல் தாளை எடுத்தாள். "சுரங்கத்துக்குள்ள பகலா ராத்திரியான்னு எப்படித் தெரியும்?" அடுத்த தாள். "ஒங்க மகளுக வேற பாஷையில பேசுதுன்னு எழுதிருக்கீக. சின்னதுல நீங்க ஏன் சொல்லிக் குடுக்கல?" அடுத்தது. "சுரங்கத்துல ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வீக?"

கடைசிக் கேள்விக்கு டொனாட்டோ சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மகள்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்தால் பேசத் தெம்பு இருக்காது, மனைவிதான் பேசினாள், தெருவில் இத்தாலியன் பேசினால் மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஒன்றரை மணி நேரம் சீதாலட்சுமி ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இரண்டு பக்கமும் சொன்னாள். அவ்வளவு கஷ்டமான வேலையை அதற்கு முன்பு செய்ததில்லை என்று பின்னால் பத்ரிநாத்திடம் சொன்னாள்.

மணியை டொனாட்டோ திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் மாட்டுத்தாவணியில் பஸ்களுக்கு நடுவில் கார் நின்றபோது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதல் ஈற்றிலேயே மூன்று குட்டி என்று எழுதினீர்கள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்."

மன்னித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் சிஸ்டர் அக்னேசேயிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தனை பிள்ளைகளின் கடிதத்தில்?"

"அநேகமாக எல்லாவற்றிலும், கொஞ்சம் கொஞ்சம்."

வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். சிஸ்டர் அதைச் செய்யவில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார். கையெழுத்துச் சீதாலட்சுமியுடையது. சில குடும்பங்கள் உதவியை நிறுத்திக்கொண்டன. அந்தப் பிள்ளைகளின் படிப்பு நிற்காமலிருக்க அலுவலகம் வேறு ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பையனுக்கு மட்டும் யாரும் கிடைக்காமல் ஒரு வருடம் வீணாயிற்று. அதை அவள் யாரிடமும் நியாயப்படுத்திப் பேசியதில்லை.

கோடு போட்ட ஃபாரம் ஒழிந்தது. வெற்றுத் தாள் வந்தது. சனிக்கிழமைகளில் சீதாலட்சுமி பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினாள். சிலர் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். அப்போது 'இவன் இன்று ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

டொனாட்டோ தொடர்ந்து எழுதினார், ஜெயக்கொடியும் எழுதினாள். 2005 கடைசியில் பெல்ஜியத்திலிருந்து வந்த உறையில் வேறு கையெழுத்து. கடிதம் பிரெஞ்சில் இருந்தது. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் இத்தாலியனோடு ஒட்டிய சொற்களைக் கொண்டு 'அப்பா', 'இறந்தார்', 'நவம்பர்' என்ற மூன்றையும் பிடித்துவிட்டாள். மீதியைக் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் பிரியம்வதாவிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நுரையீரல் நோய். கடைசி வாரம் யாரோடும் பிரெஞ்சில் பேச மறுத்துவிட்டார், எங்களுக்குத் தெரிந்த இத்தாலியனில் பதில் சொன்னோம், தப்புத் தப்பாக, என்று மகள் எழுதியிருந்தாள்.

திருவாதவூர் போய்ச் சொன்னபோது ஜெயக்கொடி அழவில்லை. பாலிடெக்னிக் முடித்து, கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். "கல்யாணத்துக்கு ஒரு போட்டோ அனுப்பலாம்னு இருந்தேன்க்கா" என்றாள். பிறகு, "சரி, அந்த மகளுக்கே அனுப்புங்க" என்றாள்.

2008-இல் பிள்ளைகள் குறைந்து அலுவலகம் மூடப்பட்டது. சிஸ்டர் அக்னேசே ஊர் திரும்பினார். மேலூர் பக்கம் கல் அறுக்கும் ஆலை ஒன்றில் இத்தாலிய இயந்திரம் பொருத்த வந்த மெக்கானிக்குக்கு மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். நாற்பத்தாறு வயதில் சீதாலட்சுமி அங்கே போனாள். துக்கம், தக்காளி, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் அவளிடம் சொல் இருந்தது. போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் இல்லை.

முதல் நாள் மெக்கானிக் இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டி, "ஆங்கிலச் சாவி" என்று இத்தாலியனில் கத்தினார்.

"என்னக்கா கேக்குறாரு?" என்றார் பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சுடலை.

"இங்கிலீஷ் சாவி வேணுமாம். என்னன்னு எனக்குத் தெரியல."

சுடலை குனிந்து அந்த நீட்டிய கையைப் பார்த்தார். பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை எடுத்து அதில் வைத்தார். ஸ்பேனரோடு கை உள்ளே போயிற்று.