பிள்ளையின்ர காது, பெரியவையின்ர வாய்

ஊசி பிடிக்கிற இந்தத் தொழிலில் எனக்கு ஊசியால் ஒருநாளும் வில்லங்கம் வந்ததில்லை. வந்ததெல்லாம் பக்கத்தில் நின்று கதைக்கிற ஆட்களால்தான். என்னைப்போல வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்கு இது விளங்கும். பிள்ளைக்கு எங்கே காது குத்துவதென்று ஆளுக்கொரு புத்தி கேட்டுக் குழம்பிப்போன தாய்மாருக்கும் விளங்கும். வேலணையில் ஒரு டாக்குத்தரின் டிஸ்பென்சரியில் பதினொரு வருசமாக நான் நேர்ஸ், ஊர்ச் சனத்துக்கு மிஸி. காது குத்துவது சனிக்கிழமைகளில். சனி பின்னேரம் என் கோபத்துக்குப் பயந்து வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்க வரமாட்டார்கள்.

பான்சிக் கடைத் துவக்கு

ஊர்காவற்றுறையில் இருந்து ஒரு தாய் வந்தார். மடியில் பத்து மாதப் பெண்பிள்ளை. வலது காதுச்சோணை சிவந்து, வீங்கி, சீழ் வைத்திருந்தது. "ஒரு தோட்டைக் காணேல்லை மிஸி, எங்கையோ விழுந்திட்டுது" என்றார். விழவில்லை. தோடு பின்பக்கச் சுரையோடு சதைக்குள் புதைந்து கிடந்தது. டாக்குத்தர் விறைக்க ஊசி போட்டுக் கீறி எடுக்கும்வரை பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த அழுகையைக் கேட்டவர்கள் பிறகு பிள்ளையின் காதுப் பக்கமே போகமாட்டார்கள்.

விசாரித்தால், ரவுண் கடைத்தெருவில் ஒரு பான்சிக் கடையில் துவக்கு மாதிரி, விசையை அழுத்தினால் தோடு பாய்கிற ஒரு சாமானால் அடித்ததாம். அது பிளாஸ்ரிக். அவித்துச் சுத்தமாக்க ஏலாது. ஒரு பிள்ளையின் இரத்தம் அதில் பட்டால் அடுத்த பிள்ளைக்கும் போகும். தோட்டையும் இறுக்கி அடித்துவிடும், காது வீங்கினால் இடமிருக்காது. "குத்த முதல் கடைக்காரர் அதைத் துடைச்சவரோ?" என்று கேட்டேன். "ஓம் மிஸி, தான் போட்டிருந்த சேட்டில துடைச்சவர்." எனக்கு வந்த கோபத்தில் பஞ்சுப் போத்தலை மேசையில் டக்கென்று வைத்தேன். இனி எங்கே குத்தினாலும் புது ஊசிப் பைக்கற்றை உங்கள் கண்முன்னே உடைக்கிற இடமாகப் பாருங்கோ என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பிச் சொன்னார்: "எண்டாலும் அந்தக் கடைக்காரர் நல்ல மனுசன் மிஸி, பிள்ளை அழுதவுடன ஒரு பலூன் சும்மா தந்தவர்."

மூன்று ஊசி

மண்கும்பானில் ஒரு வீடு. மூன்று சகோதரங்களுக்கு ஒரே நாளில் காது குத்து. வீடுகளுக்கு நான் போவதில்லை. டாக்குத்தர் கேட்டதற்காகப் போனேன். மேசையில் மூன்று புது ஊசி, மூன்று சோடி கையுறை எடுத்து வைத்தேன். பிள்ளைகளின் மாமா கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். "ஏன் மூண்டு? ஒண்டு காணும். வீணாக்காதையும்" என்றார். ஊசியால் என்னென்ன வருத்தம் தொற்றும் என்று விஞ்ஞான மாஸ்டருக்கு நான் படிப்பித்தேன்.

மூத்தவளுக்குக் குத்தி ஊசியைத் தட்டில் வைத்ததும், மனுசன் எட்டி அதை எடுக்கப் போனார், அடுத்த பிள்ளைக்காம். அவர் கையில் நான் போட்ட அடியை நானே எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மூண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள், ஒரே ரத்தம், இதில என்ன புது ஊசி, பழைய ஊசி?"

நூற்றிரண்டு

கனடாவில் இருந்து வந்த மாமி ஒருவர் தம்பியின் மகளுக்குக் காது குத்த ஆட்களோடு வந்திறங்கினார். பட்டுச்சேலை, வீடியோக்காரர், பத்தேகாலுக்குச் சுபநேரம். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டேன், சுட்டது. காய்ச்சல் நூற்றிரண்டு. "இண்டைக்கு ஏலாது" என்றேன். "காய்ச்சல் நாளைக்கு மாறும், வீடியோக்காரர் நாளைக்கு வரமாட்டார்" என்று மாமி சத்தம் போட்டார். நானும் போட்டேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்பதை விடப் படம் பிடிப்பது பெரிதா என்று கேட்டேன். பிள்ளையைத் தோளில் போட்டிருந்த தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. பெற்றவள் இப்படி நிற்பாளா?

மூன்று கிழமை கழித்து அந்தத் தாய் பிள்ளையோடு தனியாக வந்தார். பிள்ளை சுகமாகத் துள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு காதும் குத்தி முடித்தபிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் ஏலாது எண்டியள், நான் தப்பினன், அதை நான் சொல்லியிருந்தா வீட்டில ஒருதரும் என்னோட கதைச்சிருக்கமாட்டினம்."

கை

நெடுந்தீவில் இருந்து ஒரு தகப்பன், ஏழு வயது மகளோடு. கடற்றொழில் செய்கிறவர். விடிய முதல் படகில் வந்து, குறிகட்டுவானில் பஸ் எடுத்து வந்திருந்தார். "கோவியாதேங்கோ மிஸி, ஊசி புதுசோ?" காட்டினேன். "கவரிங் தோடு போட்டா காது சீழ் கட்டுமெண்டு சொல்லிச்சினம், தங்கத்தில கொண்டுவந்தனான், சரிதானே?" சரி என்றேன். "கோவியாதேங்கோ, நீங்கள் கையைக் கழுவினனீங்களோ?"

தங்கள் முறைக்குக் காத்து வாங்கில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பதினொரு வருசமா இந்த வேலை செய்யிறன். நான் என்ன, மீன் வெட்டிப்போட்டோ வந்து நிக்கிறன்?" என்று பாய்ந்துவிட்டேன். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. மனுசன் தலை குனிந்தார். மகள் அவருடைய விரலை இறுக்கிப் பிடித்தாள்.

அதைவிட இன்னொன்றும் உறைத்தது. இரண்டு நிமிசத்துக்கு முன்தான் கொப்பியில் பெயர் எழுதி, போனை எடுத்துக் கதைத்து வைத்தேன். அதற்குப் பிறகு கையைக் கழுவவில்லை. கையுறையை எடுக்க அந்தக் கையைத்தான் நீட்டிக்கொண்டு நின்றேன். போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். திரும்பி வந்து, "அண்ணை, நீங்கள் கேட்டது சரி, நான் சொன்னதுதான் பிழை" என்றேன், எட்டுப் பேருக்கும் கேட்கத்தான். சின்னப் பெட்டை இரண்டு காதும் குத்தி முடியும்வரை சத்தமே போடவில்லை. போகும்போது தகப்பன் சிரித்தார்: "நான் மீன் வெட்டிறவன்தான் மிஸி, அதாலதான் ஒருதடவை கழுவினா கை சுத்தமாகாதெண்டு எனக்குத் தெரியும்."

இத்தனை வருசமாகச் சனங்களை ஏசி ஏசி நான் சம்பாதித்தது பிரஷர் ஒன்றுதான், அதற்கு டாக்குத்தர் தந்த குளிசையை இப்போது கையைக் கழுவிவிட்டுத்தான் விழுங்குகிறேன்.