காவலில்லாத வாசல்

சூரிச் நகரின் ஓர்லிகோனில் இருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து, எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு சின்ன ஜெர்மன் படைநகரத்தைப் பார்க்க ரயிலில் போனோம். எங்களோடு வந்த ஒரு அங்கிளை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். நரைத்த மீசை, அயன் மடிப்புக் குலையாத சட்டை. மன்னர் காலத்துக் கோட்டையோ வெடிமருந்துக் கிடங்கோ, எந்த வாசலைக் கண்டாலும் நின்று, சட்டைப்பையிலிருந்து வதிவிட அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அதுவரை நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் காத்து நிற்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் படை தங்கியிருந்த முகாம் இப்போது நூதனசாலை. அதன் வாசலிலும் அட்டை வெளியே வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அங்கிள், ஊரிலை மாதிரி இங்கை ஆமி இல்லை. ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“கேக்கேக்கை தேடிக்கொண்டு நிக்கக்கூடாது, பிள்ளை.”

திரும்பி வரும் ரயிலில் எல்லைப் பொலிஸ்காரர் ஒருவர் ஏறினார். வெள்ளைக்காரர்களையெல்லாம் கடந்து வந்து நேரே எங்கள் இருக்கையருகே நின்றார். அங்கிளின் அட்டை தயாராக இருந்தது. நானோ, சுவிசிலேயே பிறந்தவள் என்று சூரிச் ஜெர்மன் பேச்சில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பையைக் கிளறினேன். பாஸ்போர்ட் வீட்டில் கிடந்தது.

அங்கிள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது பிடித்திருப்பேன்.