மாமன் வீட்டில் பிறந்தவர்

அயோவாவில் மக்காச்சோளத்துக்குத் தண்டழுகல் வந்தால் டாக்டர் பவநாத் ஜாவைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய ஆராய்ச்சி நாட்டுக்கே தேவை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, வேலை கொடுப்பவரின் தயவுகூட வேண்டாமென்று நாட்டுநலன் விலக்கில் அவர் மனுவை ஏற்றிருந்தது. அப்படியும் கிரீன் கார்டு வரவில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை அனுமார் வாலாக நீண்டு கிடந்தது. நீ இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்கவைப்பது எந்த ஊர் மரியாதையோ தெரியவில்லை.

தனக்காக அவர் கவலைப்படவில்லை. மகள் அபர்ணாவுக்கு வரும் வசந்தத்தில் இருபத்தொரு வயது. அதற்குள் அவர் முறை வராவிட்டால் அப்பாவின் மனுவிலிருந்து அவள் கழன்றுவிடுவாள். பிறகு படிப்பு முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். நடை பழகியதே இந்த ஊரில், எங்கே கிளம்புவாள்?

பக்கத்து ஆய்வகத்து லேக்நாத் நேபாளி. பவநாத்துக்குப் பின்னால் மனுப் போட்டு, முன்னால் கார்டு வாங்கியவன்; நேபாளத்தில் பிறந்தவர்களுக்கு வரிசை குட்டை. அதற்காக ஆய்வகத்தில் லட்டு கொடுத்தான். வயிற்றெரிச்சலை மறைக்க பவநாத் வேடிக்கையாகச் சொன்னார்: "என் மாமன் வீடும் உங்க ஜனக்பூர்தான்ப்பா. நான் பொறந்ததே அங்கதான். அந்த உரிமையில இன்னொரு லட்டு குடு."

லேக்நாத் சிரிக்கவில்லை. "நிஜமாவா சார்? அப்ப நீங்க ஏன் இந்தியா வரிசையில நிக்கிறீங்க?"

பவநாத் கையிலிருந்த லட்டைக் கீழே வைத்தார். உண்மைதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அம்மா எல்லை தாண்டிப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தாள். அப்பா பீகாரிலிருக்கும் தன் ஊரான மதுபனியில் பிறப்பைப் பதிவு செய்தார். அந்தப் பக்கத்தில் அதை யாரும் எல்லையாகவே நினைத்ததில்லை. கல்யாண ஊர்வலமும் போகும், ஆடுமாடும் போகும். பிறந்த ஊர் எது என்று கேட்டால் அப்பன் ஊரைச் சொல்வதுதான் வழக்கம். இவரும் காலமெல்லாம் மதுபனி, மதுபனி என்று எழுதி எழுதி, அதையே நம்பியும்விட்டார்.

அன்றைக்கே ஜனக்பூருக்குப் போன் போட்டார். அம்மா இப்போது உயிரோடு இல்லை, மாமா ராமதயாள் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிழவர் குதித்தார். மருத்துவச்சியை மழையில் சைக்கிளில் ஏற்றிவந்தவனே தான்தான் என்றார். அந்த வாரமே வார்டு ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ் வாங்கியும்விட்டார்.

வக்கீல் கரோல் நல்ல மனுஷி. முழுவதையும் கேட்டுவிட்டுப் பழைய மனுவை எடுத்துப் புரட்டினாள்.

"நான் உங்களை நம்பறேன், டாக்டர் ஜா. ஆனா பாஸ்போர்ட், விசா, குடியேற்றத் துறை ஏத்துக்கிட்ட மனு, எல்லாத்துலயும் மதுபனின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பொண்ணுக்கு வயசு முடியற நேரத்துல புதுசா ஒரு சான்றிதழ். அவங்க இதைப் பொய்னுதான் எடுத்துக்குவாங்க. கையில இருக்கிறதும் போயிடும்."

நிஜத்தைச் சொன்னால் மோசடி. பொய் மட்டும் முத்திரையோடு பத்திரமாக இருக்கிறது. பவநாத் காரில் ஏறியும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். யாரைத் திட்டுவது? அப்பாவையா? ஒரு பூஞ்சையிடமிருந்து ஆறு மாநிலங்களின் வயல்களைக் காப்பாற்றியவருக்குத் தன் ஒரு பெண்ணைக் காப்பாற்ற வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிட்டார். அபர்ணா எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய் மருமகனே, கூரியர்காரன் வாசல்ல நிக்கிறான். அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம் மாமா. கிழிச்சுப் போட்டுடுங்க."

"ஏன்டா? எழுத்துப் பிழையா?"

"பிழையில்ல. அது பொய்னு ஆயிடும்."

 மாமாவின் குரலில் இருந்த உற்சாகம் போய்விட்டது.

"உன் தொப்புள்கொடியை எங்க கொல்லையில புதைச்சவன்டா நான். யாராவது கேட்டா, நீ எங்க வீட்டுல பொறக்கலைன்னா சொல்லுவே?"

அபர்ணா மடிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா மாமா," என்றார் பவநாத். "பொறக்கலைன்னுதான் சொல்லணும்."