கடுகுக்குப் பயந்த போலீஸ்காரர்

எங்கள் தமிழ்ப் பகுதியை மலையாள நாட்டிலிருந்து பிரிக்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். உதியன்குளங்கரை முக்கில் காவலுக்குப் போட்டிருந்த மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் என் பலசரக்குக் கடைக்கு வருவார். ஒடிசலான ஆள், தொப்பி காதுவரை இறங்கிக் கிடக்கும். மல்லிப்பொடியோ மிளகாய்ப்பொடியோ வாங்கினால் பொட்டலத்தை அங்கேயே பிரிப்பார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டு, தண்ணீர் தொட்டுக் குழைத்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பார். அதன் பிறகுதான் காசு தருவார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"தமிழன் விஷம் வச்சிருப்பாண்ணு பயமா ஏமானே?"

"விஷமில்ல, கடுகாக்கும். ஒரு பொட்டு உள்ள போனாலும் எனக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டும். நீரு எல்லாத்தையும் ஒரே உரல்லதானே இடிக்கீரு?"

உண்மைதான். என்னிடம் இருந்தது ஒரே உரல்.

பிறகு கடையடைப்பு வந்தது. போலீஸுக்கு யாரும் எதுவும் விற்கக்கூடாது என்று ஊரில் பேச்சு. மூன்றாம் நாள் அவர் வந்து என் கடையின் அடைத்த பலகைகளுக்கு முன்னால் நின்றார். தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, பலகை இடுக்கு வழியாக ஒரு பொட்டலம் மல்லிப்பொடியை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று காலையில்தான் உரலை மூன்று தடவை கழுவிக் காயவைத்து, அவருக்கென்றே அந்தப் பொடியை இடித்திருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.